காய்ச்சல் கொப்பி

முப்பத்தொரு வீதத்தில் அது மறுபடியும் நின்றது.

தர்சினி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். படங்கள் பென் ட்ரைவுக்குப் பிரதியாகிக்கொண்டிருந்ததைக் காட்டிய பச்சைக் கோடு அசையவில்லை. பிறகு கோடும் மறைந்தது. 'பிரதீபா கலியாணம்' என்று பெயரிட்ட கோப்புறையும் மறைந்தது. அது இருந்த டிஸ்கையே காணோம். அப்படியொரு டிஸ்க் ஒருநாளும் இருந்ததில்லை என்பதுபோலக் கணினி பேசாமல் நின்றது.

“மூண்டாம் தரம்,” என்றாள் தர்சினி மெதுவாக.

பின்னால் கதிரையில் இருந்தார் பிரதீபா அக்கா. மடியில் இருந்த நீல நிறப் பைலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அது தர்சினியின் அப்பாவின் ஸ்ரூடியோ. நெல்லியடிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் படமும் வீடியோவும் எடுப்பவர் அப்பா. இன்று விஜயதசமி. நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூட விழாவைப் படமெடுக்க விடியவே போய்விட்டார். பின்னேரப் படகில்தான் திரும்புவார். அம்மா நாகேஸ்வரி பதினொரு தரம் அழைத்துப் பார்த்தார். பதினொரு தரமும் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்றே பதில் வந்தது.

பிரதீபா அக்காவுக்கு ஆவணியில் கலியாணம் நடந்தது. பத்தாம் நாள் அவருடைய கணவர் வேலைக்காகக் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அக்காவும் அங்கே போவதற்கான நேர்முகம் நாளை காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில். கடிதம் வந்தது நேற்று முன்தினம்தான். கலியாணப் படங்களையும், பதிவுக்குக் கையெழுத்து வைத்த எழுத்துப் படங்களையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆறரை மணிக்குப் பஸ். இப்போது மூன்றே முக்கால்.

“உங்கடை போனிலை ஒரு படமும் இல்லையோ, பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

“நாலைஞ்சு கிடக்கு அன்ரி. தாலி கட்டுற படத்திலை சித்தப்பான்ரை முதுகுதான் தெரியுது. மற்றதிலை என்ரை கண் மூடியிருக்கு.”

வேறு நேரமென்றால் தர்சினி சிரித்திருப்பாள்.

அப்பா எப்போதும் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்குகளில் வைப்பார். இரண்டாவது போன மாதம் பழுதாகிவிட்டது. நவராத்திரி முடிந்ததும் புதிது வாங்கலாம் என்றிருந்தார். ஆகவே அந்தக் கலியாணம் முழுவதும், தாலியும் மணவறையும் அக்காவின் அழுகையும் சிரிப்பும், இப்போது இந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தன. கணினிப் பெட்டிக்குள் சொருகியிருந்த, சூயிங்கம் துண்டு அளவிலான ஒரு எஸ்.எஸ்.டி.

“நான் போய்க் கஜானனைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்று அம்மா எழுந்தார்.

கஜானன் அண்ணை பக்கத்துக் கடையில் போன் திருத்துபவர். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். முதலில் அப்படிச் சொன்னவர் அவரே.

வந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டில் இருந்த அவலிலும் கடலையிலும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கணினிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

“ஒரு சத்தமும் இல்லை. டிஸ்க் சுத்தேல்லை,” என்றார்.

“அது எஸ்.எஸ்.டி., அண்ணை. அதுக்குள்ளை சுத்துற சாமான் ஒண்டும் இல்லை.”

கஜானன் அண்ணை காதை எடுத்தார். “அது எனக்குத் தெரியாதே? பெட்டியைத்தான் பாத்தனான்.”

பவர் பொத்தானை அமத்திப் பிடித்தார். கணினி அப்படியே அணைந்தது. மறுபடி அமத்தினார். கணினி எழும்பியது. டிஸ்கும் வந்தது. பிரதீபா அக்கா கதிரை நுனிக்கு வந்தார். பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. ஐந்து வீதம். பத்து. பதினேழு.

நின்றது. டிஸ்க் மறைந்தது.

“ஆயுள் முடிஞ்சுது,” என்று கஜானன் அண்ணை கையைத் தட்டினார். “நாகேஸ் அக்கா, எங்கடை ஸ்ரூடியோ அண்ணை மலிவான சாமான் வாங்கிப் போட்டிட்டார். இனி ஒரே வழிதான். டிஸ்கை முழுக்க அழிச்சுப் புதுசாக்குவம். பிறகு என்னட்டை ஒரு மென்பொருள் கிடக்கு. அழிஞ்சதைத் தோண்டி எடுத்துத் தரும்.”

“எல்லாம் வருமோ, தம்பி?”

“அநேகமா வரும்.”

“அநேகமா எண்டால்?” என்று பிரதீபா அக்கா கேட்டார்.

கஜானன் அண்ணை பொத்தானை அமத்திப் பிடித்துக் கணினியை மறுபடி அணைத்து எழுப்பினார். டிஸ்க் தெரிந்ததும் எதையோ அமத்தினார். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. கீழே இரண்டு சொற்கள். ஆம். இல்லை.

மவுசின் அம்பு 'ஆம்' என்பதை நோக்கி நகர்ந்தது.

தர்சினி தன் கையை அவருடைய கைக்கு மேலே வைத்து அமத்தினாள்.

“ஐஞ்சு நிமிசம் தாங்கோ அண்ணை. நான் கொப்பியைப் பாக்கவேணும்.”

“என்ன கொப்பி?”

“காய்ச்சல் கொப்பி.”

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவின் ஒரு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிஸ்கின் உடல்நலத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். சட்டம் போட்ட அப்பாவே மூன்று வெள்ளி மறந்தார். நாலாம் வெள்ளி தர்சினி கொப்பியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் மட்டையைப்போல அதில் கோடு அடித்தாள். காய்ச்சல், களைப்பு, காயம், மயக்கம் என்று தலைப்புகளும் போட்டாள்.

அந்தக் கொப்பி இப்போது சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. பூசைக்கு வைத்தவை. அவற்றை மூன்று நாட்களாக யாரும் தொடவில்லை.

“எடுக்கலாமோ, அம்மா?”

“இண்டைக்கு எடுக்கத்தானே வேணும். எடு குஞ்சு.”

மட்டையில் குங்குமப் பொட்டு காய்ந்திருந்தது. முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

smartctl -a /dev/nvme0

தர்சினி அழிக்கவா என்று கேட்ட பெட்டியில் 'இல்லை' என்பதை அமத்தினாள். பிறகு கட்டளை எழுதுகிற கறுப்புத் திரையைத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். விரல் வியர்த்ததால் ஓர் எழுத்து பிழைத்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று இறங்கின.

“உதென்ன?” என்று கஜானன் அண்ணை குனிந்தார்.

“டிஸ்க் தன்ரை பாட்டிலை டயறி எழுதும், அண்ணை. அதை வாசிக்கத்தான் இந்தக் கட்டளை.” அவள் கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்தாள். “பாருங்கோ. களைப்பு, நூற்றுக்கு ஆறு. போன வெள்ளியும் ஆறுதான். எண்டால் டிஸ்க் இன்னும் இளந்தாரி. காயம், பூச்சியம். எழுதினது ஒண்டும் பழுதாகேல்லை.”

“எண்டால் படங்கள் இருக்கே?” பிரதீபா அக்கா எழுந்து வந்துவிட்டார்.

“இருக்கு அக்கா.” தர்சினியின் விரல் அடுத்த வரிக்குப் போனது. “மயக்கம். அதெண்டால், சொல்லாமல் திடீரெண்டு அணைச்ச தடவை. போன வெள்ளி ஒன்பது. இண்டைக்குப் பதினொண்டு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணை, நீங்கள் ரெண்டு தரம் பொத்தானை அமத்திப் பிடிச்சது உதிலை பதிஞ்சிருக்கு.”

“உதென்ன, பொலிஸ் கொப்பியோ?” என்று கஜானன் அண்ணை தட்டில் இருந்து இன்னும் கொஞ்சம் கடலை எடுத்தார்.

ஆனால் தர்சினி அடுத்த வரியில் நின்றுவிட்டாள்.

காய்ச்சல். கொப்பியில் ஒவ்வொரு வெள்ளியும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று இருந்தது. திரையில் எழுபத்தெட்டுப் பாகை. அதற்குக் கீழே, அபாய எல்லைக்கு மேலே டிஸ்க் எத்தனை நிமிடம் கொதித்தது என்ற கணக்கு. கொப்பியில் அந்த இடத்தில் எப்போதும் பூச்சியம்தான். இன்று பத்தொன்பது.

“டிஸ்க் சாகேல்லை,” என்றாள் அவள். “அதுக்குக் காய்ச்சல். தாங்க ஏலாமல்தான் ஒவ்வொரு தரமும் விழுந்து போகுது.”

“பழுதாப்போனதாலைதான் சுடுகுது, பிள்ளை,” என்றார் கஜானன் அண்ணை. “நேரம் போகுது. அழிப்பம்.”

மணி நாலே கால்.

அம்மா அவரையும் பார்த்தார், தர்சினியையும் பார்த்தார். கஜானன் அண்ணை எவ்வளவோ போன்களைத் திருத்தியவர். தர்சினிக்குப் பதினொரு வயது. அவள் கையில் இருந்தது ஒரு கொப்பி.

முடிவைச் சொன்னது பிரதீபா அக்கா. “அழிக்க வேண்டாம். அழிச்சால் அழிஞ்சதுதான். தங்கச்சி, நீங்கள் பாருங்கோ.”

அதைக் கேட்டதும் தர்சினிக்குத் தைரியம் வரவில்லை. பஸ், கொழும்பு, கனடா எல்லாம் சேர்ந்து தன் தோளில் ஏறி இருந்ததுபோல இருந்தது.

அவள் கணினியை முறைப்படி அணைத்தாள். பத்து நிமிடம் ஆறவிட்டாள். அந்தப் பத்து நிமிடமும் பிரதீபா அக்கா சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி எழுப்பினாள். எதையும் பிரதி பண்ணாமல், நிமிடத்துக்கு ஒருமுறை கட்டளையைக் கொடுத்துக் காய்ச்சலை மட்டும் எழுதினாள். நாற்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு.

“ஒரு வேலையும் செய்யாமலே ஏறுது,” என்று முணுமுணுத்தாள். “ஏன்?”

பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள், கஜானன் அண்ணையைப்போலவே. அவர் வாயைத் திறந்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

“அண்ணை, நீங்கள் சொன்னது சரி.”

“எது?” அவரே திகைத்துப்போனார்.

“ஒரு சத்தமும் இல்லை எண்டியள். வழக்கமா இதிலை ஒரு 'உர்ர்' சத்தம் கேக்கும். முன்னுக்கு இருக்கிற ஃபான். அதுதான் டிஸ்குக்குக் காத்து குடுக்கிறது. இண்டைக்கு அது சுத்தேல்லை.”

கணினியை அணைத்தார்கள். கஜானன் அண்ணை வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். அம்மா ரோச் லைட்டைப் பிடித்தார். தர்சினி பெட்டியின் முன்பக்க மூடியை இழுத்தாள். அது கையோடு வந்தது.

உள்ளே ஃபானின் இதழ்களுக்கு நடுவில், அச்சைச் சுற்றி, ஒரு வாழைநார் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நாரோடு நசுங்கிப்போன மஞ்சள் பூவிதழ்கள். செவ்வந்தி.

தர்சினிக்கு முகம் சூடாகியது.

சரஸ்வதி பூசைக்குக் கணினியில் ஒரு சந்தனப் பொட்டு போதும் என்று அம்மா சொல்லியிருந்தார். “மிசினுக்குப் பூ வைக்காதை, பிள்ளை,” என்றும் சொல்லியிருந்தார். ஆனால் கமெராவுக்கு மாலை, ட்ரைபொட்டுக்கு மாலை. வருடம் முழுவதும் வேலை செய்யும் கணினிக்கு மட்டும் இல்லையா? பாவமாக இருந்தது. அம்மா தட்டு எடுக்க உள்ளே போன நேரம், ஒரு செவ்வந்தி மாலையின் நாரைப் பெட்டியின் முன்பக்கக் காற்றுத் துளைகளில் கோத்துத் தொங்கவிட்டாள். இன்று பிரதீபா அக்கா வந்த அவசரத்தில், மாலை தொங்கியபடியே கணினியை எழுப்பினாள். பிறகுதான் மாலையைக் கண்டு வெடுக்கென்று இழுத்தாள். ஏதோ அறுந்தது. இழுத்ததைப் பூக்கூடையில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

ரோச் வெளிச்சம் அவள் கையில்தான் விழுந்தது. ஆனால் அவள் முதுகு மறைத்ததால், உள்ளே இருந்ததை வேறு யாரும் இன்னும் காணவில்லை.

“என்ன கிடக்கு?” என்றார் கஜானன் அண்ணை. “ஃபானும் பழுதோ? நான் சொன்னனான்தானே, அண்ணை மலிவுச் சாமான் வாங்குறவர்.”

தர்சினி ஓர் ஈர்க்கால் நாரை மெல்ல நெம்பி எடுத்தாள். துண்டு துண்டாக வந்தது. உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். சின்னஞ்சிறு உருண்டை. சட்டைப் பைக்குள் போட்டால் தெரியாது. ஃபான் தூசியால் நின்றது என்று சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள். மலிவுச் சாமான் வாங்கியவர் என்ற பெயர் அப்பாவோடு நிற்கும்.

அவள் திரும்பிக் கையை விரித்தாள்.

“அப்பான்ரை சாமான் நல்ல சாமான். இது நான் போட்ட மாலை. அம்மா வேண்டாம் எண்டவ. நான்தான் கேக்கேல்லை.” உருண்டையை மேசையில் வைத்தாள். “பிரதீபா அக்கா, உங்களுக்குக் கரைச்சல் வந்தது என்னாலைதான்.”

பிரதீபா அக்கா அந்த மஞ்சள் உருண்டையைப் பார்த்தார். “காய்ச்சல் வரப்பண்ணினதும் நீங்கள், கண்டுபிடிச்சதும் நீங்கள். சரி, இனி மருந்து குடுங்கோ. பஸ்சுக்கு ஒண்டேமுக்கால் மணித்தியாலம் கிடக்கு.”

அம்மா ரோச்சை அணைத்துவிட்டு, தர்சினியின் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

கணினி எழும்பியது. 'உர்ர்' என்ற சத்தம் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைத் தர்சினி கேட்டதில்லை.

“முழுக்கலியாணத்தையும் ஒரேயடியா எடுக்க வேண்டாம்,” என்றாள். “டிஸ்க் திரும்ப விழுந்தாலும் தேவையானது கையிலை இருக்கவேணும். எது முதல்லை வேணும், அக்கா?”

பிரதீபா அக்கா யோசிக்கவே இல்லை. “எழுத்து. பிறகு தாலி. பிறகு ரெண்டு வீட்டாரும் நிக்கிற படம்.”

எழுத்துப் படங்கள் பென் ட்ரைவுக்குப் போகத் தொடங்கின. தர்சினி கறுப்புத் திரையில் கட்டளையைக் கொடுத்தாள்.

“நாற்பத்து நாலு.”

கஜானன் அண்ணை அதைக் கொப்பியில் எழுதினார். யாரும் சொல்லாமலே பேனையை எடுத்திருந்தார்.

தாலிப் படங்கள் போயின. நாற்பத்தொன்பது. வீட்டார் படங்கள். ஐம்பத்தொன்று. பிறகு மிச்சப் படங்கள், கடைசியாகப் பெரிய வீடியோ. அதுவே கனமானது. இருபது வீதம். ஐம்பத்திரண்டு பாகை. இருபத்தைந்து. முப்பது.

முப்பத்தொன்றில் கோடு நின்றது.

அம்மா பனையோலை விசிறியை எடுத்துப் பெட்டிக்கு வீசத் தொடங்கினார்.

“அம்மா, உது பின்பக்கம்.”

“எந்தப் பக்கமெண்டால் என்ன, காத்துத்தானே,” என்று அம்மா விடாமல் வீசினார்.

தர்சினி கட்டளையைக் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு. ஏறவில்லை. டிஸ்க் அங்கேயே இருந்தது.

கோடு ஒருமுறை தயங்கியது. முப்பத்திரண்டுக்குப் போனது. முப்பத்தைந்து. நாற்பது.

ஆறு பத்துக்கு எல்லாம் முடிந்தது. பிரதீபா அக்கா தாலிப் படம் ஒன்றைத் திறந்து பார்த்தார். சித்தப்பாவின் முதுகு இல்லை. கண்ணும் மூடியிருக்கவில்லை. பென் ட்ரைவைக் கைலேஞ்சியில் முடிந்து கைப்பைக்குள் வைத்தார். தர்சினியின் கன்னத்தை ஒருமுறை கிள்ளினார். கஜானன் அண்ணை மோட்டார் சைக்கிளை உதைத்தார். இருவரும் சந்திப் பக்கம் பறந்தார்கள்.

ஏழு மணிக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து அப்பா அழைத்தார்.

“பதினொரு மிஸ் கோல். என்ன நடந்தது?”

அம்மா போனைத் தர்சினியிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

அவள் மாலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் கடற்காற்று இரைந்தது.

“டிஸ்க் இப்ப எத்தினை பாகை?” என்று கேட்டார் அப்பா.

“நாற்பத்திரண்டு.”

“கொப்பியிலை எழுதினியோ?”

“ஓம்.”

“சரி. நாளைக்கு ரெண்டாவது டிஸ்க் வாங்குவம். நீயும் வா.”

அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, அம்மாவின் போனுக்குப் பிரதீபா அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'படமெல்லாம் பாத்திச்சினம். ஏன் அழுதனீங்கள் எண்டு கேட்டிச்சினம். சந்தோசத்திலை எண்டு சொன்னனான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. தங்கச்சிக்குச் சொல்லுங்கோ.'

தர்சினி பள்ளிக்கூடத்தால் வந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கொப்பியைத் திறந்து, முதல் நாள் எழுதிய வியாழக்கிழமை வரிக்குப் பக்கத்தில் எழுதினாள்: 'காய்ச்சல் விட்டது. காரணம், மாலை. மாலை போட்டது, தர்சினி.'

வாசலில் யாரோ செருமினார்கள். கஜானன் அண்ணை தன் மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

“டொக்டர் அம்மா நிக்கிறாவோ? என்ரை கொம்பியூட்டரும் ரெண்டு நாளாக் கொதிக்குது.”

தர்சினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாக்கலாம் அண்ணை. முதல்லை போய் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ.”